பெட்டியைப் பார்க்காதீர்கள், பொம்மையின் கையைப் பாருங்கள்!

கண்ணாடித் தாள் ஒட்டிய பெரிய பெட்டி. அதற்குள் 6 வீரர்கள். ஒருவன் கையில் வாள். ஒருவன் முகத்தில் முகமூடி. ஒருவன் தோளில் துப்பாக்கி. பெட்டியின் மேல் மின்னல் வெட்டுவதுபோல் வண்ணப் படம்.

கடைக்குள் வந்த சிறுவன் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிடுகிறான். கையைப் பிடித்து இழுத்தாலும் நகரமாட்டேன் என்கிறான்.

"அண்ணாச்சி, இது என்ன விலை?" என்று தாய் கேட்கிறார்.

விலையைக் கேட்டதும் அவர் முகம் மாறுகிறது. மாதச் சீட்டுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அளவுக்கு இருக்கிறது அந்த விலை!

"பெட்டியைப் பிரிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி."

"பிரிச்சா அப்புறம் யாரும்மா வாங்குவா?"

வாங்குவதா? வேண்டாமா? வாங்கினால் ஒரு வாரம் தாங்குமா?

தூத்துக்குடி மில்லர்புரத்திலும் சரி, மற்ற ஊர்களிலும் சரி, பிள்ளை உள்ள வீடுகளில் எல்லாம் எழும் கேள்வி இது. படக்கதையிலும் சினிமாவிலும் வரும் வீரர்கள் இன்று பொம்மைகளாக வந்து கடைகளில் நிற்கிறார்கள். அவற்றை ஆசையாகச் சேர்ப்பவர்களில் சிறுவர்களும் உண்டு. மீசை நரைத்தவர்களும் உண்டு.

நல்ல பொம்மையைக் கண்டுபிடிப்பது எப்படி?

முத்து சொல்லும் பாடம்

தூத்துக்குடி மக்களுக்குத் தரம் பார்ப்பது புதிதல்ல. முத்துக்குளித்த ஊர் அல்லவா?

1961-ம் ஆண்டோடு இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. அது நடந்த காலத்தில், கரைக்கு வந்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். சிப்பிக்குள் முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது ஏலம் எடுத்தவரின் அதிர்ஷ்டம்!

ஆனால் முத்து கைக்கு வந்த பிறகு அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. பித்தளைச் சல்லடைகளில் போட்டுச் சலிப்பார்கள். சல்லடைக்குச் சல்லடை துளை சிறிதாகிக்கொண்டே போகும். அளவு தெரிந்துவிடும். அடுத்து, உருட்சியைப் பார்ப்பார்கள். அதற்கும் அடுத்து, ஒளியைப் பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் தேறிய முத்துக்குத்தான் "ஆணி முத்து" என்று பெயர்.

மூடிய பெட்டியும் திறக்காத சிப்பியும் ஒன்றுதான். பொம்மைக்கும் சில சல்லடைகள் உண்டு. அவற்றைப் பார்க்குமுன், இந்தப் பொம்மைகள் பிறந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

"பொம்மை" என்று சொல்லாதே!

1964-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ என்ற கம்பெனி ஒரு போர்வீரன் பொம்மையைச் செய்தது. உயரம் 12 அங்குலம். கை மடங்கும், முழங்கால் மடங்கும், தலை திரும்பும். 21 அசையும் பாகங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். பெயர் "ஜி.ஐ. ஜோ".

பொம்மை தயார். ஆனால் ஒரு சந்தேகம் வந்தது. "பொம்மை என்றால் பெண் குழந்தைகள் வைத்து விளையாடுவது. பையன்கள் எப்படி வாங்குவார்கள்?"

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? "பொம்மை" என்ற சொல்லையே விட்டுவிட்டது! "ஆக்‌ஷன் ஃபிகர்" என்று புதிய பெயர் வைத்தது. அந்தப் பெயர்தான் உலகம் முழுவதும் பரவிவிட்டது.

1982-ம் ஆண்டில் அதே ஜி.ஐ. ஜோ மறுபிறவி எடுத்தான். இந்த முறை உயரம் 3¾ அங்குலம்தான். உள்ளங்கையில் அடங்குவான். தனி வீரனாக இல்லாமல் ஒரு படையாகவே வந்தான். அதே ஆண்டில் மார்வெல் கம்பெனி அந்தப் படையைப் பற்றிப் படக்கதையும் வெளியிடத் தொடங்கியது. லாரி ஹாமா என்ற எழுத்தாளர் கதை எழுதினார். 1994 வரை 155 இதழ்கள் வந்தன. பொம்மை அட்டையின் பின்புறம் இருக்கும் வீரனின் வரலாற்றையும் அவரே எழுதினார்.

கதையைப் படித்த பையன் பொம்மையைக் கேட்டான். பொம்மை வைத்திருந்த பையன் கதையைக் கேட்டான். வியாபாரம் அமோகமாக நடந்தது!

காலி அட்டையை வாங்கியவர்கள்

பெட்டியைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு ஒரு வேடிக்கையான சம்பவம்.

1977-ம் ஆண்டில் "ஸ்டார் வார்ஸ்" என்ற ஆங்கிலப் படம் வந்தது. படம் பெரிய வெற்றி. கிறிஸ்துமஸ் நெருங்கியது. பிள்ளைகள் அந்தப் படத்தின் பொம்மைகளைக் கேட்டார்கள். ஆனால் கென்னர் என்ற கம்பெனிக்குப் பொம்மைகளைச் செய்து முடிக்க நேரம் போதவில்லை.

கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. படம் போட்ட ஓர் அட்டையையும் ஒரு சீட்டையும் விற்றது. சீட்டைத் தபாலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு 4 பொம்மைகள் வீடு தேடி வரும்! மக்கள் அதையும் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அந்தக் கம்பெனி சொன்னபடி பொம்மைகளை அனுப்பியது. எல்லாப் பெட்டியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியுமா?

சென்னைக் கம்பெனியின் வீரர்கள்

நம் நாட்டிலும் இந்த வீரர்கள் பிறந்திருக்கிறார்கள். 1987-ம் ஆண்டில் டயர் கம்பெனியான எம்.ஆர்.எஃப்., அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவுடன் சேர்ந்து "ஃபன்ஸ்கூல்" என்ற கம்பெனியைத் தொடங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி இது. கோவாவில் தொழிற்சாலை அமைத்தார்கள். ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலை உண்டு.

ஃபன்ஸ்கூல் பல ஆண்டுகள் ஜி.ஐ. ஜோ பொம்மைகளைச் செய்து விற்றது. அமெரிக்காவில் பயன்பட்ட அச்சுகளை வைத்தே பல வீரர்களை வார்த்தார்கள். ஆனால் வண்ணம் மட்டும் சில சமயம் வேறாக இருக்கும். அங்கே பச்சைச் சட்டை போட்டவன் இங்கே வேறு நிறச் சட்டையில் வருவான்!

அன்று அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இன்று? அந்த வித்தியாசத்துக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியப் பொம்மைகளைத் தேடுகிறார்கள். இங்கே பழைய சாமானோடு கிடக்கும் வீரன், அங்கே கண்ணாடி அலமாரியில் நிற்கிறான்.

இனி, சல்லடைகளைப் பார்ப்போம்.

முதல் சல்லடை: கட்டைவிரல்

பொம்மை கைக்கு வந்ததும் முகத்தைப் பார்க்கவேண்டாம். கட்டைவிரலைப் பாருங்கள்.

இந்தச் சிறிய வீரர்களின் உடம்பில் முதலில் உடைவது கட்டைவிரல்தான். காரணம் என்ன? ஆயுதத்தின் பிடி தடிமனாக இருக்கும். கையின் பிடி சிறியதாக இருக்கும். பையன் அழுத்தித் திணிப்பான். விரல் "பட்"டென்று போய்விடும். விரல் போனால் ஆயுதம் பிடிக்க முடியாது.

நல்ல செட்டில் ஆயுதம் கையில் இதமாக உட்காரும். தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. மட்டமான செட்டில் ஒன்று, நிற்காமல் நழுவும்; அல்லது விரலைப் பிளக்கும்.

இரண்டாவது சல்லடை: மூட்டு

பொம்மையின் கையைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். தூக்கிய கை தூக்கியபடியே நிற்க வேண்டும். தானாகத் தொங்கினால் மூட்டு தளர்ந்தது. அசையவே மறுத்தால் இறுகிப்போனது. இறுகிய மூட்டை வலுவாகத் திருகினால் முறியும்.

பழைய ஜி.ஐ. ஜோ பொம்மையின் வயிற்றுக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது. அது ஒரு சிறிய ரப்பர் வளையம்! மார்புக்குள் அதை மாட்டி, ஒரு கொக்கி மூலம் இரண்டு கால்களையும் இழுத்துப் பிடித்திருப்பார்கள். முதுகில் உள்ள ஒரே ஒரு திருகு எல்லாவற்றையும் மூடிவிடும்.

ரப்பர் பழையதானால் வெடித்துவிடும். உடனே கால் வேறு, உடம்பு வேறு! பையன் அழுவான். பயப்பட வேண்டாம். திருகைக் கழற்றி, அதே அளவுள்ள புதிய ரப்பர் வளையத்தை மாட்டினால் வீரன் எழுந்து நிற்பான்.

பழைய பொம்மையை விலைக்கு வாங்கும்போது இதை மறக்காதீர்கள். கால் தொங்குகிறது என்பதற்காகவே ஒரு பொம்மையை ஒதுக்க வேண்டாம். ஆனால் இடுப்பில் வெடிப்பு இருந்தால், முழங்கையில் கீறல் இருந்தால், தொடாதீர்கள். அது ரப்பர் மாற்றித் தீராது.

மூன்றாவது சல்லடை: முகமும் வண்ணமும்

கண்ணை முதலில் பாருங்கள். இரண்டு கருவிழியும் ஒரே திசையில் பார்க்கின்றனவா? மட்டமான பொம்மையில் ஒரு கண் கிழக்கே பார்க்கும். மற்றது மேற்கே பார்க்கும்!

அடுத்து, வண்ணம் சேரும் ஓரம். சட்டையின் நிறம் கழுத்தில் வழிந்திருக்கக் கூடாது. இடுப்புக் கச்சையின் கோடு நேராக இருக்க வேண்டும். உடம்பின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். பிசிறு குத்தினால் அச்சு சரியில்லை. அல்லது வேலையில் கவனமில்லை.

ஏற்கெனவே விளையாடிய பொம்மை என்றால் மூக்கு நுனியையும் கை விரல்களையும் பாருங்கள். வண்ணம் அங்கேதான் முதலில் தேயும். உடம்பெல்லாம் பழையதாக இருந்து மூக்கு மட்டும் புதிதாகப் பளபளத்தால் யாரோ புது வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான்காவது சல்லடை: இவன் அவன்தானா?

படக்கதையில் படித்த உருவம் பொம்மையில் இருக்க வேண்டும். சட்டை நிறத்தை மட்டும் மாற்றி, ஒரே முகத்தை 6 பேருக்கும் வைத்து ஏமாற்றுவது உண்டு.

இதை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொலுவுக்குத் தசாவதார செட் வாங்கியவர்களுக்கு இது தெரியும். மதுரையை அடுத்த விளாச்சேரியிலோ பண்ருட்டியிலோ செய்த செட்டை எடுத்துப் பாருங்கள். வாமனர் குள்ளமாக இருப்பார். பரசுராமர் கையில் கோடரி இருக்கும். ராமர் கையில் வில் இருக்கும். பலராமர் கையில் கலப்பை இருக்கும். கோடரி உடைந்துபோனால் அவர் பரசுராமர் என்று குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

சிவகாசியிலிருந்து 1972-ம் ஆண்டில் வெளிவந்த முத்து காமிக்ஸில் "இரும்புக்கை மாயாவி"யைப் படித்தவர்கள் பலர். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். அந்த நிலையில் அவருக்குப் பொம்மை செய்தால் ஒரு கையை மட்டும் பெட்டியில் வைத்து விற்றுவிடலாம்! ஆனால் அந்தக் கை இரும்புபோல் இருக்க வேண்டும். அது வலக்கையாகவும் இருக்க வேண்டும்.

ஐந்தாவது சல்லடை: எண்ணிக்கை

செட் என்றால் முழுதாக இருக்க வேண்டும். தசாவதாரத்தில் 9 பொம்மை இருந்தால் அதைச் செட் என்பார்களா?

பெட்டியின் பின்பக்கத்தில் என்னென்ன உள்ளன என்று படம் போட்டிருப்பார்கள். வீரர்களை எண்ணுங்கள். பிறகு வாள், கேடயம், தொப்பி, பை, நிற்கும் பீடம் என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். எல்லா வீரர்களும் ஒரே அளவுக் கணக்கில் செய்யப்பட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒருவன் தலை மட்டும் பூசணிக்காய்போல் இருந்தால், வேறு வேறு இடத்தில் செய்ததைச் சேர்த்து அடைத்திருக்கலாம்.

சேகரிப்பாளர்களிடையே ஒரு கணக்கு உண்டு. வீரன் எளிதில் கிடைப்பான். அவனுடைய சின்னஞ்சிறு துப்பாக்கி கிடைக்காது. கட்டிலுக்கு அடியிலும் சாக்கடையிலும் போனவை அவைதானே!

ஆண்டு எண்ணைக் கண்டு ஏமாறாதீர்கள்

பொம்மையின் முதுகிலோ காலிலோ சிறிய எழுத்தில் ஓர் ஆண்டு இருக்கும். "1985 என்று போட்டிருக்கிறது. 40 வருடத்துக்கு முந்திய பொம்மை. விலை அதிகம்" என்று ஒருவர் சொல்லலாம்.

உடனே பணத்தை எடுக்காதீர்கள்! அது பெரும்பாலும் அந்த உருவத்துக்கு உரிமை பெற்ற ஆண்டு. பொம்மை வார்த்த ஆண்டு அல்ல. ஒரே அச்சைப் பல ஆண்டுகள், பல நாடுகளில் பயன்படுத்துவார்கள். எந்த நாட்டில் செய்தது என்ற எழுத்து, வண்ணம், அட்டை மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் வயது சொல்ல முடியும்.

பிள்ளையின் வாய்க்குள் போகுமே!

இதுவரை சொன்னது பணத்தைக் காக்க. இனிச் சொல்வது பிள்ளையைக் காக்க.

மத்திய அரசின் உத்தரவு ஒன்று 2021-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். உள்நாட்டில் செய்ததானாலும் கப்பலில் வந்ததானாலும் சட்டம் ஒன்றுதான். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு.

முத்திரைக்காக என்ன சோதிப்பார்கள்? வண்ணத்தில் ஈயம் அதிகம் இருக்கிறதா, கூரான முனை உண்டா, தொண்டையில் அடைக்கும் சிறு துண்டு கழன்று வருமா, இப்படிப் பல. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும்.

முத்திரையோடு ஓர் உரிம எண்ணும் இருக்கும். "பி.ஐ.எஸ். கேர்" என்ற செயலியைச் செல்போனில் இறக்கி, அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். முத்திரையைப் பொய்யாக அச்சடித்திருந்தால் அங்கே அகப்பட்டுக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலை உயர்ந்த சில பெட்டிகளில் "15+" என்று போட்டிருக்கும். "15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு" என்று பொருள். அது அலமாரியில் வைத்து அழகு பார்க்கச் செய்தது. குழந்தை விளையாடச் செய்தது அல்ல. எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் 5 வயதுப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். 3 வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் சிறிய ஆயுதங்கள் தரையில் கிடக்கவே கூடாது.

உப்புக் காற்றுக்கு மருந்து

தூத்துக்குடி வாசிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்பளமும் கடலும் சூழ்ந்த ஊர் இது. காற்றிலே உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பியையே தின்னும் காற்று, பொம்மையின் திருகை விட்டுவைக்குமா?

பழைய பொம்மையின் முதுகுத் திருகைப் பாருங்கள். செம்மண் நிறத்தில் துரு இருந்தால் உள்ளே உள்ள கொக்கியும் துருப்பிடித்திருக்கலாம். நல்ல பொம்மைகளை ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். மூடியுள்ள டப்பாவில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வெயிலில் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் பழுப்பேறும்.

டப்பாவில் போடும்போது ஆயுதங்களைத் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். மிருதுவான பிளாஸ்டிக் வாள் வளைந்துவிட்டதா? பெரியவர்கள் அதைச் சுடுநீரில் சற்று நேரம் போட்டு, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நிமிர்ந்துவிடும்.

கடைக்காரரிடம் என்ன கேட்பது?

மீண்டும் கடைக்கு வருவோம். பெட்டியைப் பிரிக்க அண்ணாச்சி சம்மதிக்க மாட்டார். அவர் கஷ்டம் அவருக்கு. ஆனால் கண்ணாடித் தாள் வழியாகவே பாதிச் சோதனையை முடித்துவிடலாம். கண், கை, வண்ணத்தின் ஓரம், எண்ணிக்கை, முத்திரை ஆகிய ஐந்தும் வெளியிலிருந்தே தெரியும்.

மூட்டு மட்டும் தெரியாது. அதற்கு, "பார்வைக்கு வைத்த பொம்மை இருக்கா அண்ணாச்சி? உடைஞ்சிருந்தா மாத்தித் தருவீங்களா?" என்று கேளுங்கள். பில் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றித் தருகிறேன் என்று பில்லில் எழுதித் தருகிற கடை நல்ல கடை.

6 வீரர்கள் உள்ள மட்டமான செட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரே ஒரு நல்ல வீரனை வாங்கலாம். அடுத்த பிறந்தநாளுக்கு இன்னொருவன். பொங்கலுக்கு ஒருவன். பையன் ஒவ்வொருவனுடைய பெயரையும் மனப்பாடமாகச் சொல்வான். பத்திரமாகவும் வைத்துக்கொள்வான்.

எடைக்குப் போடுமுன்...

கடைசியாக ஒன்று. வீட்டுப் பரணில் பழைய பொம்மைப் பை இருக்கும். பழைய பேப்பர்காரர் வரும்போது அதையும் எடைக்குப் போட்டுவிடுவது வழக்கம்.

போடுமுன் ஒருமுறை கீழே கொட்டிப் பாருங்கள். உள்ளங்கை அளவு வீரன் இருக்கிறானா? முதுகில் திருகு இருக்கிறதா? இந்தியாவில் செய்தது என்ற எழுத்து இருக்கிறதா? கட்டைவிரல் முழுதாக இருக்கிறதா? பையின் அடியில் அவனுடைய துப்பாக்கியும் கிடக்கிறதா?

இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அதை வைத்து விளையாடிய பையன் இன்று பெரியவனாகி வெளியூரிலோ கப்பலிலோ வேலையில் இருப்பான். அவனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். விற்பதா, வைத்துக்கொள்வதா என்று அவன் சொல்லட்டும். பொம்மை அவனுடையது அல்லவா?